ஒரே முகம், வேற வேற ஆளு: ராணுவ பொம்மைகளை மாற்றிய அனுபவங்கள்

பழைய பொம்மைக்காரன், சென்னை:

போன மாசம் பரணைச் சுத்தம் பண்ணப்போய் ஒரு பிஸ்கட் டப்பா கையில் சிக்கியது. உள்ளே என் ஜி.ஐ. ஜோ ராணுவ பொம்மை ஆட்கள் ஒன்பது பேர். எல்லாம் இங்கே ஃபன்ஸ்கூல் கம்பெனி போட்டது, 90-களில் பள்ளிக்கூடம் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். இடுப்புக்குள் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து அறுந்து, மேல் பாதி ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகக் கிடந்தார்கள். முதுகில் இருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றி, ஹார்டுவேர் கடையில் வாங்கிய ஓ-ரிங்கைப் போட்டதும் எழுந்து நின்றுவிட்டார்கள். அதில் இரண்டு பேர் ஒரே ஆள். அத்தை ஒன்று, மாமா ஒன்று வாங்கித் தந்தது. இரட்டையரில் ஒருத்தனை வேறு ஆளாக்கலாம் என்று இறங்கினேன்.

இந்த வேலையை ஜி.ஐ. ஜோவை உருவாக்கிய அமெரிக்க கம்பெனி ஹாஸ்ப்ரோவே செய்திருக்கிறது. 1982-இல் வந்த மூணே முக்கால் இன்ச் ஆட்களில் பல பேருக்குத் தலை அச்சு ஒன்றுதான், முடி நிறம்தான் மாறும். பொம்மை வந்த அட்டைக்குப் பின்னால் அச்சடித்திருந்த குறிப்புதான் அவர்களை ஆளுக்கு ஆள் பிரித்தது. எந்த ஊர், எதில் கெட்டி, என்ன குணம் என்றெல்லாம் அதில் இருக்கும். அதை எழுதிய லாரி ஹாமாவே ராணுவத்தில் இருந்தவர்.

முதல் சொதப்பல் என்னுடையது. பழைய பெயின்டை எடுக்க நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொட்டேன். அசிட்டோன் பட்டதும் தோள் இளகி, என் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. அதை உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்யவே ஒரு ஞாயிறு போச்சு. அப்புறம் எம்-சீல் மாவுப் பசையில் தாடி, இடுப்பில் கைத்துப்பாக்கி, கத்தி, முதுகில் இரண்டு பை. பார்க்க அசத்தலாக இருக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 17 வருஷம் இருந்தவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னடா, இவன் நேத்துதான் சேர்ந்தானா?"

"ஏம்பா?"

"பூட்ஸ் பளபளன்னு இருக்கு. முட்டி போட்டு உக்காந்தவனுக்கு முழங்கால் வெளுத்திருக்கும். துப்பாக்கி வார் உரசி உரசி தோள்ல கலர் போயிருக்கும். ஒரு தோள்தான், ரெண்டும் இல்ல. இவ்வளவு சாமானையும் தூக்கிட்டு மலை ஏறச் சொல்லு பாப்போம்."

கத்தியைத் தவிர எல்லாவற்றையும் கழற்றினேன். பிரஷ்ஷைத் துணியில் துடைத்து, பெயின்ட் இருக்கிறதா இல்லையா என்ற பதத்தில் வலது தோளில் மட்டும் நாலு தடவை இழுத்தேன். அவ்வளவுதான், அவன் எங்கேயோ போய்விட்டு வந்தவன் மாதிரி ஆகிவிட்டான்.

என்எஸ் பையன், சிங்கப்பூர்:

அப்பா சொன்னது நூற்றுக்கு நூறு. நான் நிஜ ஆளில் 1/6 அளவில் எங்கள் என்எஸ் (கட்டாய ராணுவ சேவை) செக்‌ஷன் ஆட்கள் ஏழு பேரையும் செய்துகொண்டிருக்கிறேன். ஒரே நம்பர் 4 யூனிஃபார்ம் (களத்தில் போடும் புள்ளி போட்ட பச்சை உடுப்பு), ஒரே எஸ்ஏஆர் 21 துப்பாக்கி. யார் யாரென்று எப்படிக் காட்டுவது? சட்டைக்கை மடிப்பில்தான். ஒருத்தன் அயர்ன் பண்ணின மாதிரி மடிப்பான். ஒருத்தனுக்கு எப்பவும் இடது கை மட்டும் அவிழ்ந்து தொங்கும், அதற்காக அவன் வாங்கின திட்டு கொஞ்சநஞ்சமில்லை.

எனக்குப் பெரிய பாடு நிறம். கடையில் கிடைக்கும் தலையெல்லாம் வெள்ளைத் தோல். என் முகத்தைச் செய்ய வெறும் பிரவுன் அடித்தேன், மண்பானை மாதிரி இருந்தது. அப்புறம் கண்ணுக்கடியிலும் மூக்கோரத்திலும் ஊதா கலந்த அடர்நிறம், கன்னத்தில் துளி செம்மண் நிறம், கடைசியாக மேட் வார்னிஷ். உள்ளங்கையை வெளிறலாக விட்டதும்தான் அம்மாவுக்கே அடையாளம் தெரிந்தது.

தையல்காரி, கோவை:

துணி பற்றி ஒரு வார்த்தை. பொம்மை ஆறில் ஒரு பங்காகச் சின்னதாகிவிட்டது, துணியின் இழை சின்னதாகவில்லை. காக்கி ட்ரில்லில் தைத்தால் சாக்கு மாட்டிவிட்ட மாதிரி நிற்கும். பழைய மல் வேட்டியை வெட்டுங்கள். டீ டிகாக்‌ஷனில் முக்கி எடுத்தால் புதுசு போன பழுப்பு வரும். ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்துத் தடவி, முழங்கை மடிப்பை விரலால் பிடித்துவிட்டால் காய்ந்ததும் அப்படியே நிற்கும். இன்ஸ்டன்ட் பசையை மட்டும் பொம்மையின் கண்ணாடி, வைசர் (ஹெல்மெட்டின் முகக்கண்ணாடி) பக்கம் கொண்டுபோகாதீர்கள், அதன் ஆவியிலேயே வெள்ளை பூத்துவிடும்.

பழைய பொம்மைக்காரன், சென்னை:

மல் வேட்டி யோசனைக்கு நன்றிங்க. நேற்று அப்பா திரும்பவும் அவனைக் கையில் எடுத்தார். "வாட்ச் கட்டலையா?" என்றார். பல்குத்தும் குச்சி நுனியில் கறுப்பு பெயின்ட் தொட்டு மணிக்கட்டுக்கு மேல்பக்கம் ஒரு புள்ளி வைத்தேன். "அங்க இல்லடா, உள்பக்கம். வெயில்ல மின்னினா எதிரி பாத்துருவான்." அழித்துவிட்டு உள்பக்கம் வைத்தேன். அவர் கையைப் பார்த்தேன். வாட்ச் உள்பக்கம்தான் இருந்தது.