வறட்டு மின்னல், இடையெரிப்பு, கருகல்: மேய்ச்சல்வெளித் தீக்கான சொற்கள்

வணக்கம். அமெரிக்க மேய்ச்சல்வெளித் தீ பற்றிய ஆங்கிலச் சொற்களுக்கு நீங்கள் போட்ட தமிழ்ச் சொற்பட்டியலைப் பார்த்தேன். அதிலுள்ள சில வரிகளுக்கு என் பதில் இது.

> டிரை லைட்னிங் = உலர் மின்னல் அல்லது வறண்ட மின்னல்

இரண்டுமே எனக்கு ஒட்டவில்லை. மின்னலில் ஈரம் எங்கே இருக்கிறது, உலர்வதற்கு? அங்கே என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். அமெரிக்காவின் மேற்கே நெவாடா, தெற்கு ஐடஹோ, தென்கிழக்கு ஒரிகன் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் இடிமேகம் திரளும். ஆனால் மேகத்தின் அடி மிக உயரத்தில் நிற்கும், கீழே காற்று காய்ந்து கிடக்கும், அதனால் பெய்கிற மழை பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். மின்னல் மட்டும் தரைக்கு வரும். அதோடு போனாலும் பரவாயில்லை, மழை ஆவியாகிறபோது குளிர்ந்து கனத்த காற்று பொத்தென்று கீழே இறங்கி நாலா பக்கமும் சீறும். தீ வைப்பதும் விசிறிவிடுவதும் ஒரே மேகம்.

நம் பக்கம் கோடை இடி பெரும்பாலும் மழையோடுதான் வரும், காட்டுத்தீ என்றால் அநேகமாக மனிதர் கைவரிசைதான், அதனால் இதற்கென்று ஒரு பெயர் தேவைப்பட்டிருக்காது. ஆனால் பெயர் வைக்கும் முறை நம் பேச்சிலேயே இருக்கிறது. சளி வராத இருமலை என்ன சொல்கிறோம்? வறட்டு இருமல். அப்படியே வறட்டு மின்னல் என்று வைத்துவிட்டுப் போகலாம்.

> ரேஞ்ச்லேண்ட் = கொறங்காடு

நல்ல சொல், காப்பாற்ற வேண்டிய சொல், ஆனால் இங்கே வேண்டாம். கொறங்காடு என்றால் கிளுவை வேலி போட்டு ஒரு குடும்பம் மாடு மேய்க்கிற சில ஏக்கர் நிலம். ரேஞ்ச்லேண்ட் என்பது மாடு மேயும் பரந்த திறந்தவெளி. ஒரிகனில் 2012 ஜூலை 8 அன்று மின்னலால் பிடித்த லாங் டிரா தீ மட்டுமே 5.5 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. அந்தப் பரப்புக்கு ‘மேய்ச்சல்வெளி’ போதும், வெளி என்ற சொல்லிலேயே மறைப்பில்லாமை இருக்கிறது. (ஒரு இடைச்செருகல்: கொறங்காட்டின் உயிரே கொழுக்கட்டைப் புல்தான், இல்லையா? அதே புல்லை மாட்டுத் தீவனத்துக்கென்று அரிசோனாவுக்குக் கொண்டுபோனார்கள். இன்று அது அங்கே பாலைவனத்தில் தீயைக் கடத்துகிற களை, தீக்குப் பழகாத சாகுவாரோ கள்ளிகளைக் கொல்கிறது. நான் மேலே சொன்ன நெவாடா, ஐடஹோ, ஒரிகன் பக்கம் அந்த வேலையைச் செய்வது சீட்கிராஸ் என்கிற வேறொரு வந்தேறிப் புல். கோடை தொடங்கும்போதே காய்ந்து, சேஜ்பிரஷ் புதர்களுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டு நிற்கும்.)

சரி, உண்மையான சிக்கல் தீயணைப்புச் சொற்களில்தான். பேக்ஃபயர், பர்ன்அவுட் இரண்டுக்கும் ‘எதிர்த்தீ’ என்றே பட்டியலில் போட்டிருக்கிறீர்கள். இது கூடாது. பெருந்தீயின் தலைக்கு, அதாவது வேகமாக முன்னேறும் முனைக்கு, முன்னால் கொஞ்ச தூரத்தில் வேண்டுமென்றே தீ மூட்டி, பெருந்தீ இழுக்கிற காற்றிலேயே அதை உள்ளே போகவிட்டு இரண்டையும் மோதவிடுவது ஒன்று. அதுதான் பேக்ஃபயர், அதற்குத்தான் எதிர்த்தீ பொருந்தும், ஆபத்தான ஆட்டம், அனுபவமுள்ள மேலாளர் சொன்னால்தான் செய்வார்கள். இன்னொன்று பர்ன்அவுட்: புல்டோசர் வெறுந்தரை தெரியும்வரை சுரண்டிப் போட்ட கோட்டுக்கும் தீயின் விளிம்புக்கும் நடுவில் எரியாமல் மிச்சம் கிடக்கும் புல்லை, கோட்டை ஒட்டி நடந்துகொண்டே சொட்டுத்தீக் குடுவையால் (எரியும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடும் குடுவை) கொளுத்திவிடுவது. காற்று திரும்பினால் அந்த மிச்சம்தான் ஆளைக் கொல்லும். இடையில் கிடப்பதை எரிப்பதால் இதற்கு இடையெரிப்பு என்கிறேன். கோட்டுக்கு வனத்துறையில் புழங்கும் தீத்தடுப்புக் கோடு என்ற சொல்லே இருக்கட்டும், புதிதாக ஒன்று எதற்கு?

ஆங்கர் பாயின்ட்டுக்கு ‘நங்கூரப் புள்ளி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கடலே இல்லாத ஊரில் நங்கூரமா! விஷயம் இதுதான்: தீயை நடுவில் போய்ப் பிடித்தால் அது சுற்றிக்கொண்டு முதுகுப்பக்கம் வந்துவிடும். அதனால் ஒரு சாலையிலோ ஏற்கெனவே எரிந்த இடத்திலோ காலூன்றிக்கொண்டு, அங்கிருந்து தீயின் விலாவோரமாக, அதாவது பக்கவாட்டு விளிம்பில், அணைத்தபடி தலையை நோக்கிப் போவார்கள். ‘பிடிமுனை’ என்று வையுங்கள்.

எரிந்து முடிந்த பகுதியைத் தீயணைப்பாளர்கள் பிளாக் என்பார்கள். தீ திரும்பினால் ஓடி ஒதுங்க அதுதான் இடம், ஏனென்றால் அங்கே எரிய ஒன்றும் மிச்சமில்லை. கரிநிலம் என்றால் கரிசலோடு குழம்பும், ‘தீய்ந்த பரப்பு’ கட்டுரைக்கு ஆகும், ரேடியோவில் கத்துவதற்கு ஆகாது. கருகல். “கருகலுக்குள்ள வா!” என்றால் ஒரு நொடியில் புரியும்.

மாப்-அப்புக்கு ‘தணல் தேடல்’. அணைந்த மாதிரி தெரிகிற விளிம்பில் கையுறையைக் கழற்றிவிட்டுப் புறங்கையைத் தரைக்கு மேலே கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார்கள், பிறகுதான் தொடுவார்கள். சேஜ்பிரஷ் வேரிலும் காய்ந்த மாட்டுச் சாணத்திலும் தணல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்கும், மறுநாள் பிற்பகல் காற்றில் பறந்து கோட்டைத் தாண்டிவிடும். வறட்டி தட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விமானத்திலிருந்து கொட்டும் ரிடார்டன்ட்டுக்கு ‘தீமந்தி’ என்று வந்திருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், வாசிப்பவர் குரங்கைத் தேடுவார். அது தீயை அணைக்கவும் செய்யாது. அமோனியம் பாஸ்பேட் கலந்த குழம்பு, எங்கே விழுந்தது என்று தெரிவதற்காகச் சிவப்புச் சாயம் போட்டது, பெரும்பாலும் தீக்கு முன்னால் இருக்கிற புல்மேல்தான் கொட்டுவார்கள், தண்ணீர் காய்ந்த பிறகும் உப்பு ஒட்டிக்கொண்டு தீயின் வேகத்தைக் குறைக்கும், அந்த இடைவெளியில் கீழே ஆட்கள் வந்து கோட்டைப் போட வேண்டும். பார்த்ததும் தோன்றுவது ‘செங்குழம்பு’தான். வேதியியல்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா என்பது வேறு விஷயம். சாயம் போடாத வகையும் உண்டு என்று யாராவது சண்டைக்கு வரலாம், வந்தால் ‘தீமட்டுப்பி’ என்று கையில் ஒன்று வைத்திருக்கிறேன்.

அப்புறம், ஒரிகனில் தண்ணீர் வண்டியும் டிராக்டருமாக முதலில் ஓடி வருவது பல இடங்களில் பக்கத்துப் பண்ணைக்காரர்கள்தான், அதற்கென்றே சங்கங்கள் வைத்திருக்கிறார்கள். அவற்றை ‘தன்னார்வத் தீயணைப்பு அமைப்பு’ என்று நீட்ட வேண்டாம், மேய்ச்சல்வெளித் தீக்காப்புச் சங்கம் என்றே பட்டியலில் சேர்த்துவிடுங்கள். எதிர்த்தீ, இடையெரிப்பு இரண்டையும் தனித்தனி வரியாகப் பிரிப்பதில் யாருக்காவது மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், மற்றதில் நான் அவ்வளவு பிடிவாதம் பிடிக்கப் போவதில்லை.