கிணற்றடியில் நிமிர்ந்தபோது காது அடைத்தது

கோண்டாவில்காரன்:
பிறசர்க் குளிசையின் அளவைக் கூட்டி மூன்றாம் நாள். குனிந்து வாளியைத் தூக்கி நிமிர்ந்தேன்; கண் இருளுமுன் வலக்காது போய்விட்டது. கப்பியின் கிறீச்சொலி கிணற்றின் அடிக்கு இறங்கிப்போனதுபோலத் தேய்ந்து, ஓர் இரைச்சல் மட்டும் நின்றது. “என்னப்பா, கூப்பிடக் கூப்பிடப் பேசாமல் நிக்கிறியள்?” என்று மனைவி தோளைத் தொட்ட பின்னரே அவர் அழைத்தது தெரிந்தது. கிளினிக்கில் உட்கார்ந்தபடி பிறசரை அளந்தபோது 138, எழுந்து நின்றதும் 112.

மானிப்பாய் அன்ரி:
பிறசரை ஏன் இழுக்கிறீர்கள், தம்பி? குறும்பி சேர்ந்திருக்கும். எனக்கும் ஒரு காலை தொலைபேசியை இடக்காதில் வைத்தால் ஒன்றுமே கேட்கவில்லை. நல்லெண்ணெய் விட்டு ஒரு கிழமை பொறுத்திருந்தேன். அந்தக் காது இன்றும் பாதிதான் கேட்கிறது.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்:
அன்ரி கோபிக்க வேண்டாம்; அந்த ஒரு கிழமைதான் உங்களுக்கு நட்டம். திடீரென ஒரு காது கேளாமற்போனால் அன்றோ மறுநாளோ காது மருத்துவரிடம் போய்விட வேண்டும், ஏனெனில் அதற்குக் கொடுக்கும் ஸ்டீரொயிட் மருந்து முதல் இரண்டு கிழமைக்குள் தொடங்கினால்தான் கூடுதலாகப் பயன்படும். தம்பியின் கதை வேறு. உட்காதுக்கு இரத்தம் கொண்டுபோவது பெரும்பாலும் சிறுமூளைக்குப் போகும் நாடியொன்றிலிருந்து பிரியும் ஒரேயொரு மெல்லிய கிளைதான். அதில் இரத்தவோட்டம் தளர்ந்தால் ஈடுகொடுக்க வேறு வழி இல்லையென்றே சொல்லலாம். உட்காதில் ஒலியை உணரும் பகுதியான நத்தைச்சுருளின் பக்கச் சுவரிலுள்ள நுண்குழாய்ப் படலம் ஏறத்தாழ 80 மில்லிவோல்ற்று மின்னழுத்தத்தைப் பேணுகிறது. ஒட்சிசன் குறைந்தால் அது உடனே சரியும், அங்குள்ள நுண்மயிர் கொண்ட கலங்களான மயிர்க்கலங்கள் ஒலியை உணர்த்த முடியாமல் தடுமாறும். பிறசரின் சிறிய ஏற்ற இறக்கங்களை இரத்தக்குழாய்கள் தாமே சுருங்கியும் விரிந்தும் சமாளிக்கும், ஆனால் எழுந்து 3 நிமிடத்துக்குள் பிறசரின் மேல் அளவு 20 குறைந்தால் அதை மருத்துவர்கள் அசட்டை செய்வதில்லை. உங்களுக்கோ 26 குறைந்திருக்கிறது. என் அனுபவம் இதற்கு மறுபுறம்: பிறசர் 180 இல் நின்ற ஓரிரவு, தலையணையில் வைத்த காதுக்குள் நாடித்துடிப்போடு ஒத்து ‘உஸ், உஸ்’ என்றது. துடிப்போடு ஒத்த இரைச்சல் நீடித்தால் இரத்தக்குழாய்களைப் பரிசோதிக்க வேண்டும். குளிசையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். தண்ணீரும் போதியளவு குடியுங்கள்.

கோண்டாவில்காரன்:
நிறுத்தவில்லை, ஐயா, மருத்துவரே பழைய அளவுக்குக் குறைத்தார். குறும்பியையும் பார்த்தார், அன்ரி. காது சுத்தமாகத்தான் இருந்தது. இப்போது சிறிய வாளி. நிமிருமுன் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொள்கிறேன்.