கவலையைச் சொன்னால் கணவர் வேத வசனம் சொல்லி முடித்துவிடுகிறார். உங்கள் வீட்டில் எப்படி?

குழித்துறைக்காரி:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். என் கணவர் பல வருஷம் சவூதியில், தமாமில் வேலை பார்த்தவர். கம்பெனியில் ஆள் குறைத்ததால் இந்த ஜூனில் ஊருக்கு வந்துவிட்டார். நான் தனியார் பள்ளியில் டீச்சர். ஒரு நகைக்கடன், ஒரு வீட்டுக்கடன், மகளுக்கு நர்சிங் இரண்டாம் வருஷ ஃபீஸ். இப்போதைக்கு வரவு என் சம்பளம் மட்டும்.

வந்ததிலிருந்து அவரும் என்னோடு அடுக்களையில் நிற்கிறார். அங்கே ரூமில் முறைவைத்துச் சமைத்துப் பழகியவர் என்பதால் கை நன்றாக ஓடும், ஆனால் எட்டுப் பேருக்கான அளவில் ஓடும். சாளை மீன் வாங்கப் போனால் ஒரு கிலோவுக்குக் குறைய வாங்க மனசு வராது. மீன் அவர் கழுவுவார், தேங்காயும் நல்லமிளகும் நான் அரைப்பேன். மரச்சீனிக் கிழங்கு என்றால் தோல் உரித்து நறுக்குவது அவர், வேகவைத்து வடிப்பது நான். அவரிடம் விட்டால் அந்தத் தண்ணீரிலேயே உப்பைப் போட்டு வற்ற வைத்துவிடுவார். கிழங்கில் நஞ்சு உண்டு, தண்ணீரைக் கொட்டியே ஆகவேண்டும் என்று எத்தனை தடவை சொன்னாலும் சிரிப்பார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்பது சாயங்காலம் அந்த நேரம்தான். மனசில் கிடப்பதெல்லாம் எனக்கு அப்போதுதான் வாயில் வரும். “வட்டி கட்டலேன்னா நகை ஏலத்துக்குப் போயிடுமே” என்று ஆரம்பித்தால், “நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்னு எழுதியிருக்குல்லா, உனக்கு விசுவாசம் இல்லியா?” என்பார். அதோடு பேச்சு முடிந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு நான் விழித்துக் கிடப்பேன். அவரும் தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரியும். கூப்பிட்டால் தூங்குகிற மாதிரி கிடப்பார்.

குடும்ப ஜெபம் தினமும் உண்டு. மிஷனரிகளுக்காக ஜெபிக்கிறோம், தேசத் தலைவர்களுக்காக ஜெபிக்கிறோம், நகைக்கடன் மட்டும் அதில் வருவதில்லை. கவலைப்படுவது அவிசுவாசமா? அறிவுரையை விட உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பாளை வாத்தியார்:

சகோதரி, அவர் சொல்கிற வசனம் மத்தேயு 6:34. அதே அதிகாரத்தில் 11ஆம் வசனத்தில்தான் “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்” இருக்கிறது. சோற்றையே கேட்கச் சொல்லிக் கொடுத்தவரிடம் வட்டிப் பணத்தைச் சொல்வதற்கு என்ன கூச்சம்? 88ஆம் சங்கீதத்தை இரண்டு பேரும் சேர்ந்து வாசித்துப் பாருங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியில் நம்பிக்கையிலோ துதியிலோ வந்து நிற்கும். இது கடைசி வரியிலும் இருளில்தான் நிற்கிறது. அதையும் வேதத்துக்குள் வைத்துத்தான் நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். கெத்செமனேயில் நம் ஆண்டவரே துக்கப்பட்டு வியாகுலப்பட்டார். அவரிடம் போய் விசுவாசம் இல்லையா என்று யார் கேட்பது?

வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டீர்கள். எங்கள் வீட்டில் பணப் பேச்சு காய் நறுக்கும்போது மட்டும்தான். தாளிக்க ஆரம்பித்தால் நிறுத்திவிடுவோம், இல்லாவிட்டால் கடுகு கருகிவிடும். படுக்கையில் அந்தப் பேச்சு அறவே கிடையாது. கையில் அரிவாள்மனையும் வெண்டைக்காயும் இருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை பாருங்கள். எங்களைப் போன்ற ஆம்பிளைகளுக்கு அப்படித்தான் வாய் திறக்கும்.

கடற்கரை மகள்:

அக்கா, நாங்க கத்தோலிக்கர். இவர் ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர். 2017இல் ஒக்கி புயல் வந்த பிறகு காற்று கொஞ்சம் திரும்பினாலே எனக்கு வயிறு கலங்கும். மாமியார் செபமாலை சொல்லச் சொல்வார். சொல்வேன். சொல்லிக்கொண்டே வயர்லெஸ்ஸில் யாராவது பேசுகிறார்களா என்றும் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பேன். மாதா கோவித்துக்கொள்ள மாட்டாள்.

கரையில் இருக்கும் நாளில் நெத்திலி புளிமுளம், அதான் எங்க ஊர் புளிப்பு மீன்கறி, அவர் கைதான், மாங்காய் நறுக்கிப் போட்டு வைப்பார். கடலில் என்ன நடந்தது என்பது அந்தச் சட்டி கொதிக்கும்போதுதான் வெளியே வரும். எதிரே உட்கார வைத்துக் கேட்டால் “ஒண்ணுமில்ல” என்பதோடு சரி. அண்ணனிடம் கடனைப் பற்றிக் கேட்காதீர்கள், “உங்களுக்குப் பயமா இருக்கா”ன்னு மட்டும் கேட்டுப் பாருங்கள். வேலை போய் வந்து நிற்கிற மனுஷர், அவருக்கு இருக்காதா?

முன்னாள் வங்கி ஊழியர்:

கடன் விஷயத்தை மட்டும் சொல்கிறேன். நோட்டீஸ் கொடுக்காமல் நகையை ஏலம் விட முடியாது, ஒரே ராத்திரியில் போய்விடாது. தவணை முடிவதற்கு முன்பே கிளைக்குப் போய், வட்டியைக் கட்டி மாற்றி வைக்க முடியுமா என்று கேளுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து போங்கள்.

வார்டு சிஸ்டர்:

இரண்டு மணி விழிப்பு வாரக்கணக்கில் தொடர்ந்தாலோ, சாப்பாடு இறங்காமல் போனாலோ டாக்டரைப் பாருங்கள். அண்ணனுக்கும் இதையே சொல்கிறேன். நேரில் போகத் தயக்கம் என்றால் 14416, டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. காசு கிடையாது, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். பிரஷருக்கு மாத்திரை போட்டுக்கொண்டுதானே ஜெபிக்கிறோம்.

குழித்துறைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் அண்ணன் எழுதியதைச் சின்ன உள்ளி உரிக்கும்போது சத்தமாகவே வாசித்தேன். ஒன்றும் சொல்லவில்லை. கடற்கரைத் தங்கச்சி சொன்ன கேள்வியை அதற்கப்புறம் கேட்டேன். ரூமில் ஒருவருக்குக் கைமாற்றாகக் கொடுத்த பணம் திரும்பி வரவில்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. சின்னத் தொகை இல்லை. எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. அந்தக் கோபத்தோடேயே ஜெபத்தில் உட்கார்ந்தோம். அவர் அந்தப் பணத்தைச் சொன்னார், நான் நகையைச் சொன்னேன். மிஷனரிகளுக்கு அன்றைக்கு நேரம் இல்லை.

திங்கட்கிழமை எனக்கு மதியம் கிளாஸ் இல்லை, இரண்டு பேரும் பாங்குக்குப் போகிறோம். தூக்கம் சரியாகவில்லை என்றால் அந்த நம்பரைக் கூப்பிடுகிறேன் சிஸ்டர், எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். அப்புறம் தங்கச்சி, மாங்காய் கிடைக்காத மாசத்தில் புளிமுளத்துக்கு என்ன போடுவீர்கள்? இவர் புளிச்சங்காய் என்கிறார், எனக்கு நம்பிக்கை இல்லை.