வரைபடம் முதலிலா, கதை முதலிலா?

நாவாய்:
எட்டு மாதமாக ஒரு மாயாஜால நாவல் எழுதுவதாக வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பதினேழு தீவுகளுக்கு வரைபடம் போட்டாயிற்று. நாணயம், நாட்காட்டி, மூன்று அரச வம்சங்களின் கொடிவழி எல்லாம் தயார். முதல் அத்தியாயம் மட்டும் இல்லை. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின்கூட எர்த்ஸீ என்ற தன் கற்பனை உலகத்தின் தீவுகளை வரைந்துவிட்டுத்தான் கதைக்குள் போனார் என்று படித்தேன். அப்படியானால் நான் போகிற வழி சரிதானே?

மூன்றாம்சாமம்:
இல்லை. அவர் வரைந்தது உண்மை. 1967-இல் பெர்க்லியில் ஒரு சிறு பதிப்பாளர் பதின்பருவத்தினருக்கு ஒரு நாவல் கேட்டார், 1968-இல் 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' அச்சில் வந்துவிட்டது. இதற்கு நடுவில் கொடிவழி போட்டு உட்கார நேரம் ஏது? பிள்ளைகள் படம் போட வாங்கி வைத்திருந்த பெரிய தாளில் வரைந்திருப்பேன் என்று பின்னாளில் எழுதினார். தீவுகளின் பெயர் தெரியும், அங்கே என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. போய்ப் பார்க்கத்தான் கதை. 'நான் பொறியாளர் இல்லை, தேடிப் போகிறவள்' என்ற பொருளில் 1973 கட்டுரை ஒன்றில் சொல்கிறார். நீங்கள் செய்வது பொதுப்பணித்துறை வேலை.

கல்வெட்டு:
சாமம் பாதியை விட்டுவிட்டுப் பேசுகிறார். அந்த உலகம் 1964-லேயே இரண்டு சிறுகதைகளில் வந்துவிட்டது. ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவனுக்கு அதன்மேல் அதிகாரம் உண்டு என்ற விதி அப்போதே இருக்கிறது. அதற்கும் முன்னால் போங்கள். லெ குவினின் அப்பா ஆல்ஃபிரட் குரோபர், கலிஃபோர்னியப் பழங்குடிகளை ஆய்ந்த மானிடவியலாளர். அம்மா தியோடோரா, அந்தப் பழங்குடிகளில் ஒன்றான யாஹி மக்களில் எஞ்சிய ஒரே மனிதரான இஷியைப் பற்றி 1961-இல் நூல் எழுதியவர். 'இஷி' என்றால் அவர்கள் மொழியில் மனிதன் என்றுதான் பொருள். சொந்தப் பெயரை அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அந்த நூல் வந்த மூன்றாம் வருடம், மகள் உண்மைப் பெயரை மறைத்து வைக்கும் மனிதர்களைப் பற்றிக் கதை எழுதுகிறார். உலகத்தைக் கட்ட அவருக்கு ஒரு வீடே இருந்தது ஐயா. நமக்கு அது இல்லை, அதனால் தாளில் கட்டுகிறோம். நாவாய் தொடரட்டும்.

மூன்றாம்சாமம்:
இஷி விஷயம் அழகாக இருக்கிறது, ஆனால் அது உங்கள் ஊகம். பெயரைச் சொன்னால் ஆபத்து என்ற நம்பிக்கை எத்தனையோ நாட்டு நாட்டுப்புறக் கதைகளில் கிடக்கிறது. அவரே சொன்ன தொடக்கம் ரொம்பச் சாதாரணம்: கதைகளில் மந்திரவாதி எப்போதும் வெள்ளைத்தாடிக் கிழவராகவே வருகிறாரே, பையனாக இருந்தபோது எங்கே போய்ப் படித்தார்? அந்தக் கேள்வியிலிருந்துதான் எர்த்ஸீயில் மந்திரம் கற்பிக்கும் ரோக் தீவின் பள்ளிக்கூடமே வந்தது.

கல்வெட்டு:
ஊகம்தான். வாசகனுக்கு அதுகூடக் கூடாதா? சரி, பழக்கத்துக்கு வருவோம். காலை ஐந்தரைக்கு எழுந்து, ஏழேகாலுக்கு மேசையில் உட்கார்ந்து, நண்பகல் வரை எழுத்து. அவருடைய அந்த அட்டவணையை நாவாய் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

இரவுலை:
அந்த அட்டவணையை யார் ஒட்டச் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும். அது 1988-இல் சொன்னது. அப்போது அவருக்கு அறுபதை நெருங்கும் வயது, மூன்று பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். அவர்கள் சின்னவர்களாக இருந்தபோது, தூங்க வைத்த பிறகு இரவில்தான் எழுதியிருக்கிறார். எனக்கு இரண்டு. பத்து மணிக்குப் பாத்திரம் கவிழ்த்த பிறகு நாற்பது நிமிடம் கிடைக்கும், அதில் பத்து நிமிடம் நேற்று எங்கே விட்டேன் என்று தேடவே போய்விடும். இன்னொன்று, ஐந்தரைக்கு விழித்துப் படுத்தபடியே யோசிப்பேன் என்றுதான் அதில் இருக்கிறது, எழுந்து உட்கார்ந்ததாக இல்லை. இரவு எட்டுக்கு மேல் தான் மடச்சியாகிவிடுவதாகவும் அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றும் முடிக்கிறார். அதை மட்டும் யாரும் ஒட்டுவதில்லை.

கல்வெட்டு:
அக்கா, அட்டவணையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நாவாய்:
திட்டு போதும். முதல் வரி இதோ: 'மாமன்னா! யாம் இத்தீவினை நீங்கிச் செல்கின்றோம்!' எப்படி?

மூன்றாம்சாமம்:
ஐயோ. இதைத்தான் அவர் 1973-இல் இன்னொரு கட்டுரையில் எச்சரிக்கிறார். புதிதாக எழுதுகிறவர்கள் பழங்கால நடையைப் போர்த்திக்கொண்டு தடுக்கி விழுகிறார்கள் என்று.

கல்வெட்டு:
அதே கட்டுரையின் மறுபக்கத்தையும் சொல்லுங்கள். ஒரு மாயாஜால நாவலில் ஓர் உரையாடலை எடுத்து, நாலைந்து சொற்களை மட்டும் மாற்றி, வாஷிங்டன் அரசியல்வாதிகள் பேசுவதாக ஆக்கிக் காட்டுகிறார். அச்சாகப் பொருந்துகிறது. அப்படிப் பொருந்தினால் அது மாய உலகமே இல்லை என்பது அவர் கட்சி. ஆக, நாவாயின் மன்னர் டீக்கடைத் தமிழிலும் பேச முடியாது.

இரவுலை:
நடுவில் ஒரு வழி இருக்கிறது தம்பி. அவருடைய 'ஸ்டியரிங் தி கிராஃப்ட்' என்ற எழுத்துப் பயிற்சி நூலில் ஒரு பயிற்சி உண்டு. ஒரு பத்தியிலிருந்து ஒரு பக்கம் வரை எழுத வேண்டும், பெயரடையும் வினையடையும் ஒன்றுகூட வரக்கூடாது. எழுதியதை வாய்விட்டுப் படித்தும் பார்க்க வேண்டும், வாக்கியத்தின் ஓசைதான் அவருக்கு முதல் விஷயம். நான் செய்தேன். கை உடைந்த மாதிரி இருந்தது, ஆனால் வினைச்சொற்கள் விழித்துக்கொண்டன.

நாவாய்:
தமிழில் பெயரெச்சமும் கணக்கா? 'உடைந்த படகு' போடலாமா?

மூன்றாம்சாமம்:
போடாதே. 'படகு உடைந்தது' என்று எழுது.

நாவாய் (மூன்று நாள் கழித்து):
எழுதினேன். மாமன்னர் போய்விட்டார், அவரிடம் பெயரடையைத் தவிர எதுவுமே இருக்கவில்லை. ஒரு பையன் வலையை உதறுகிறான், வலையில் ஒரு கல் கிடக்கிறது, கல் அவன் பெயரைச் சொல்கிறது. அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாத பெயர். இங்கே நிற்கிறேன். ஒரே சிக்கல், இது நடக்கிற தீவு என் பதினேழில் இல்லை.

கல்வெட்டு:
வரைபடத்தில் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாம்சாமம்:
சேர்க்காதே. பையன் வீட்டுக்குப் போகட்டும் முதலில்.