குவாங்சோ கல்யாணத்துக்கு 1,001 யுவான் மொய் வைக்கலாமா?

ரங்கூன் துணிக்கடை:
சீனாவில் குவாங்சோவில் நமக்குச் சரக்கு அனுப்புகிறவர் மகளுக்குக் கல்யாணம், ஓட்டலில் ராத்திரி விருந்து. மூன்று பேர் போகிறோம். வீட்டம்மா சுத்த சைவம். மொய் 1,001 யுவான், கூடவே ஒரு சுவர்க் கடிகாரம் என்று நினைத்திருக்கிறேன். பணமாகக் கொடுப்பதா, வீச்சாட்டில் (சீனர்கள் பணம் அனுப்பும் போன் செயலி) அனுப்புவதா?

லத்தா வாசி:
அண்ணே, 1,001 வேண்டவே வேண்டாம். நமக்கு அந்தக் கடைசி ஒன்றுதான் மங்கலம். குவாங்சோ பக்கத்துக் கண்டோனீஸ்காரர்களுக்கு 101, 501, 1,001 எல்லாம் சாவு வீட்டுக்கு வைக்கிற தொகை. கல்யாணத்துக்கு இரட்டைப்படைதான். அதிலும் 4 வரக்கூடாது, அந்த ஓசை சாவைக் குறிக்கும். 6, 8 நல்லது. 888 வையுங்கள், கௌரவமாக இருக்கும்.

கடிகாரத்தையும் இங்கேயே விட்டுவிடுங்கள். சீனத்தில் ‘கடிகாரம் கொடுப்பது’ என்று சொன்னால், சாகக் கிடப்பவரைக் கடைசியாக வழியனுப்புவது போலவே காதில் விழும். குடையும் ஆகாது, ‘பிரிவு’ என்ற ஓசை வரும்.

பசுண்டாங்:
888 போதாது. குவாங்சோ இருக்கிற குவாங்டாங் மாகாணத்தில் மொய் குறைவுதான், சாதாரணப் பழக்கத்துக்கு 200கூட வைப்பார்கள். ஆனால் ஓட்டல் விருந்தில் மூன்று நாற்காலி பிடிக்கிறீர்கள். 1,200க்குக் குறையாமல் வையுங்கள். குடும்பத்துக்கு ஒரே உறை போதும்.

பணமாகவே கொடுங்கள். வீச்சாட்டில் வெளிநாட்டுக் கார்டை இணைத்தால் கடையில் கட்டலாம், ஆளுக்கு ஆள் அனுப்ப முடியும் என்று நம்பியிருக்க முடியாது. அங்கே பெரிய நோட்டே 100தான், அதனால் 12 புது நோட்டு. சிவப்பு உறை ரங்கூன் சீனர் பகுதியான லத்தாவின் கடைகளிலேயே கிடைக்கும். வெள்ளை உறை சாவுக்கு, கை தவறியும் எடுக்காதீர்கள். உறையின் பின்பக்கம் பெயரை எழுதிவிடுங்கள். வாசலில் மேஜை போட்டு, நம்ம மொய் நோட்டு மாதிரியே வரவு எழுதுவார்கள். பெயர் இல்லாவிட்டால் யார் வைத்தது என்றே தெரியாது, திருப்பிச் செய்யவும் முடியாது.

இன்னொன்று. சில குடும்பங்களில் உறையின் மூலையை லேசாக மடித்துவிட்டு, பணத்தோடு அப்படியே திருப்பித் தருவார்கள். ‘உங்கள் வாழ்த்தே போதும்’ என்று அர்த்தம். அவமானம் என்று நினைத்து மறுபடி திணிக்காதீர்கள்.

அரிசி மூட்டை:
சைவத்தை இப்போதே சொல்லுங்கள், மேஜையில் உட்கார்ந்த பிறகு சொல்லிப் பயனில்லை. ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் துண்டுகளை மட்டும் எடுத்துவிடுவார்கள், சாறு இருக்கும். கீரையின் மேல் பளபளப்பாக ஊற்றுவது பெரும்பாலும் சிப்பி சாஸ். சிப்பி சாஸ், கோழிச் சாறு, பன்றிக் கொழுப்பு மூன்றும் கூடாது என்று சீனத்தில் எழுதி வாங்கி முன்கூட்டியே அனுப்பினால், தனித் தட்டு கொண்டுவருவார்கள். ‘புத்த சைவம்’ என்று கேட்டால் வெங்காயம், பூண்டும் சேர்க்க மாட்டார்கள்.

சாப்பாட்டுக் குச்சியைச் சோற்றில் நட்டு வைக்கக்கூடாது, படையல் ஊதுபத்தி மாதிரி இருக்கும். யாராவது தேநீர் ஊற்றினால் இரண்டு விரலால் மேஜையைத் தட்டினால் போதும், அதுதான் நன்றி. பொண்ணு மாப்பிள்ளை மேஜைக்கு வந்தால் எல்லாரும் எழுந்திருக்க வேண்டும். குடிக்காதவர்கள் தேநீர்க் கோப்பையைத் தூக்கலாம். பெரியவர்கள் கோப்பையைவிட உங்களுடையது சற்றுத் தாழ்ந்திருக்கட்டும்.

ரங்கூன் துணிக்கடை:
கடிகாரத்துக்குப் பதிலாகத் தேயிலை கொண்டுபோகலாமா?

பசுண்டாங்:
தாராளமாக. இரண்டு பெட்டியாக, சிவப்புத் தாளில் சுற்றி, இரண்டு கையாலும் நீட்டிக் கொடுங்கள். உங்கள் எதிரில் பிரிக்க மாட்டார்கள், பிடிக்கவில்லையோ என்று நினைக்காதீர்கள்.