வாக்குறுதியாக்கமா, வாக்குறுதி உறையிடலா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஜாவாஸ்கிரிப்டில் பின்னழைப்பை (வேலை முடிந்ததும் அழைக்கும்படி நாம் கொடுத்துவைக்கும் செயற்கூறு, 'கால்பேக்') நம்பி எழுதப்பட்ட செயற்கூறுகளை ('ஃபங்ஷன்'), 'பிராமிஸ்' (வாக்குறுதி, அதாவது பின்னர் வரப்போகும் விடைக்கு ஈடாக இப்போதே கிடைக்கும் பொருள்) திருப்பித்தரும் வகைக்கு மாற்றும் பணி, 2017இல் நோட் (உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் மென்பொருள்) 8ஆம் பதிப்பில் 'யூட்டில்.பிராமிசிஃபை' என்னும் பெயரில் உள்ளிணைந்து வந்தது. இதற்கு 'வாக்குறுதியாக்கம்' என்னும் சொல்லை நண்பர் ஒருவர் முன்மொழிந்திருந்தார். சொல் செவிக்கு இனிதுதான். பொருளில்தான் எனக்குத் தயக்கம். கல்லைத் தூளாக்கினால் கல் மிஞ்சுவதில்லை. இங்கோ செயற்கூறு வாக்குறுதியாக மாறுவதே இல்லை. பழையது அப்படியே இருக்க, அதைத் தன்னுள் வைத்துக்கொண்டு, அழைக்கும்போதெல்லாம் ஒரு வாக்குறுதியைத் திருப்பித்தரும் புதிய செயற்கூறு ஒன்று கிடைக்கிறது.

கோப்பைப் படிக்கும் 'ரீட்ஃபைல்' செயற்கூற்றையே பாருங்கள். கோப்பின் பெயர், குறியாக்கம், பின்னழைப்பு என மூன்றை அதற்குக் கொடுக்கிறோம். பின்னழைப்பின் முதல் அளபுருவில் ('பாராமீட்டர்') பிழையும் இரண்டாவதில் கோப்பின் உள்ளடக்கமும் வந்துசேரும். மாற்றிய பின் முதல் இரண்டைக் கொடுத்தால் போதும். மூன்றாவதை மேலே போர்த்திய உறையே இட்டுக்கொண்டு, பிழை வந்தால் வாக்குறுதியைப் பொய்க்கச் செய்கிறது, இல்லையேல் உள்ளடக்கத்தோடு நிறைவேற்றுகிறது. இப்படிப் பொய்க்கச் செய்யும் 'ரிஜெக்ட்' என்பதற்கு 'நிராகரிப்பு' என எழுதுவதும் எனக்கு உவப்பில்லை. மழை பொய்ப்பதுபோல் வாக்கும் பொய்க்கிறது, அதை யாரும் நிராகரிப்பதில்லை. அது தனி விவாதம்.

ஆகவே 'வாக்குறுதி உறையிடல்' என்று முன்மொழிகிறேன். 'வாக்குறுதிப்படுத்தல்' என்பதையும் எண்ணிப் பார்த்தேன். கண் அதை 'உறுதிப்படுத்தல்' என்றே படிக்கிறது. 'வாக்களிப்பு' எப்போதோ தேர்தலுக்குப் போய்விட்டது.

உறை என்று சொல்லிவிட்டால், எதற்கு அது பொருந்தாது என்பதையும் மாணவருக்கு எளிதில் விளக்கலாம். குறித்த நேரம் கழித்துப் பின்னழைப்பை அழைக்கும் 'செட்டைம்அவுட்', அதை இறுதியில் கேட்காமல் முதலிலேயே கேட்பதால், பொதுவான உறை அதற்குச் சேராது. நோட் அதற்கெனத் தனி உறையையே தைத்து வைத்திருக்கிறது. 'செட்இன்டர்வல்' தன் பின்னழைப்பைத் திரும்பத் திரும்ப அழைக்கும். வாக்குறுதியோ ஒருமுறைதான் முடிவாகும் என்பதால், இரண்டாம் அழைப்பு முதல் எல்லாம் வீணாகிவிடும்.

வினையாக எழுதும்போது மட்டும் வேற்றுமையில் கவனம் வேண்டும். 'ரீட்ஃபைலுக்கு வாக்குறுதி உறையிட்டேன்' என்றால் சரி. 'ரீட்ஃபைலை வாக்குறுதியில் உறையிட்டேன்' என்றால் செயற்கூறு வாக்குறுதிக்குள் போய்விட்டதாகப் பொருள்பட்டு, நாம் தவிர்க்க நினைத்த குழப்பமே திரும்பி வரும்.