பிரேக் பழுது பார்த்த பிறகு பெடல் மெத்தென்று இறங்குகிறது: உதவி தேவை

கேள்வி (அணைக்கட்டு)

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் ஒரு பழைய மினி லாரி இருக்கிறது. இலவம்பாடிப் பக்கத்து முள்ளுக் கத்தரிக்காயை விடியற்காலையில் வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு ஏற்றிச் செல்வதுதான் அதன் அன்றாட வேலை. வண்டியில் இருப்பது ஆயில் பிரேக். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரும் உண்டு. பிரேக் ஷூவை டிரம்மின் மேல் தள்ளும் பின்பக்க வீல் சிலிண்டர் ஒன்று கசிந்து, ஷூவின் லைனிங் நனைந்துவிட்டதால், பின்னால் இரண்டு வீல் சிலிண்டர்களையும் பிரேக் ஷூக்களையும் வீட்டிலேயே மாற்றினேன். கையோடு, டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் முன் காலிப்பர்கள் இரண்டையும் கழற்றிக் கழுவி, பிஸ்டன் ரப்பர்களையும் புதிதாகப் போட்டேன்.

அண்ணன் மகன் பெடலை மிதிக்க, நான் நிப்பிளை (காற்றை வெளியேற்றும் சிறு திருகை) திறந்து மூடி, பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்ற வரிசையில் மூன்று சுற்று ஏர் எடுத்தோம், அதாவது ஆயிலில் கலந்த காற்றை வெளியேற்றினோம். நிப்பிளில் மாட்டிய குழாயில் இப்போது குமிழி ஒன்றுகூட வரவில்லை. ஆனாலும் முதல் மிதியில் பெடல் தரையை நெருங்குகிறது. மூன்றாவது மிதியில் மேலே வந்தாலும், அழுத்த அழுத்த மெத்தையைப் போல உள்வாங்குகிறது. எந்த இணைப்பிலும் கசிவு இல்லை, டப்பாவில் ஆயிலும் குறையவில்லை. பெடலை மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்கிறார் உதிரிபாகக் கடைக்காரர். அந்தச் செலவைச் செய்யும் முன் உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன். வண்டி நின்று மூன்று நாட்கள் ஆகின்றன.

மறுமொழி (குடியாத்தம்)

ஐயா, உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. பெடலைத் தரை தொடும்வரை வேகமாக இருபது முப்பது முறை மிதித்து, பிறகு ஏர் எடுத்துப் பாருங்கள். எங்கள் வண்டியில் அப்படித்தான் சரியானது.

மறுமொழி (காட்பாடி, பட்டறை)

தம்பி, மேலே உள்ள நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் பழைய மாஸ்டர் சிலிண்டரில் அப்படிச் செய்ய வேண்டாம். அன்றாட ஓட்டத்தில் பிஸ்டன் பாதித் தூரம்தான் போய்வருகிறது. அதற்கு அப்பாலுள்ள பகுதியில் வருடக்கணக்காகத் துருவும் கசடும் படிந்திருக்கும். பெடலைத் தரைவரை மிதித்தால் ரப்பர் வாஷர் அந்தச் சொரசொரப்பின் மேல் ஏறிக் கிழிந்து, நன்றாக இருந்த சிலிண்டரும் கெட்டுப்போகும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டு மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள்.

பெடல் மெத்தென்று இருப்பதும், பெடல் தாழ்வாக இறங்குவதும், மிதித்த நிலையில் பெடல் நழுவிக்கொண்டே போவதும் மூன்று வெவ்வேறு குறைகள். ஆயில் அமுங்காது, காற்றுதான் அமுங்கும். ஆகவே மெத்தென்று இருந்தால் எங்கோ காற்று நிற்கிறது. ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாக இருந்தால் முதல் மிதியில் தள்ளப்படும் ஆயில் முழுவதும் அந்த இடைவெளியைக் கடப்பதிலேயே தீர்ந்துவிடும். அடுத்தடுத்து மிதித்தால் பெடல் மேலே வந்து கெட்டியாகும். மாஸ்டர் சிலிண்டருக்குள் வாஷர் விட்டுக்கொடுத்தால், மிதித்து நிறுத்திய பெடல் கால் அசையாமலே மெல்ல மெல்லக் கீழே போகும். உங்கள் விவரத்தில் முதல் இரண்டும் கலந்து தெரிகின்றன. மூன்றாவதற்கான அடையாளம் இதுவரை இல்லை.

முதலில் எஞ்சினை நிறுத்தி, ஐந்தாறு முறை மிதித்துப் பூஸ்டரில் உள்ள வேக்குவத்தைத் தீர்த்துவிடுங்கள். பின்பு மூன்று முறை மிதித்துப் பெடலை மேலே கொண்டுவந்து, ஒரு நிமிடம் ஒரே அழுத்தத்தில் வைத்திருங்கள். அந்த நிலையில் எஞ்சினைப் போட்டால் பெடல் சற்று இறங்கும்; அது பூஸ்டர் வேலை செய்வதன் அறிகுறி, அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

அடுத்து, முன்பக்க ரப்பர் ஹோஸ் இரண்டையும் பின் ஆக்சிலுக்குப் போகும் ஹோஸையும் அதற்கென்றே உள்ள வழுவழுப்பான கிளாம்பால் இறுக்கிவிட்டு மிதியுங்கள். பெடல் உயரமாகவும் கல்போலவும் இருந்தால் மாஸ்டர் சிலிண்டர் மேல் குற்றமில்லை. பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தால் எந்தப் பக்கம் குறை என்று தெரிந்துவிடும். ஹோஸ் வெடித்தோ விறைத்தோ போயிருந்தால் கிளாம்பு போடவே கூடாது. அப்படிப்பட்ட ஹோஸை மாற்றிவிடுவதே முறை.

இன்னும் ஒன்று. முன் காலிப்பர்களில் நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா, கீழ்ப்பக்கம் இருக்கிறதா?

கேள்வி கேட்டவர் (அணைக்கட்டு)

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஹோஸ்கள் போன வருடம்தான் மாற்றியவை, ஆகவே கிளாம்பு போட்டேன். ஒரு நிமிடம் மிதித்து வைத்ததில் பெடல் நழுவவில்லை. மூன்றையும் இறுக்கியபோது பெடல் உயரத்திலேயே கெட்டியாக நின்றது. பின் ஹோஸை மட்டும் திறந்தபோது பெடல் நிறையத் தாழ்ந்தது, ஆனால் இரண்டாம் மிதியில் கெட்டியானது. முன் ஹோஸ்களைத் திறந்தபோதுதான் அந்த மெத்தென்ற தன்மை வந்தது.

நிப்பிள் இரண்டு பக்கமும் கீழேதான் இருக்கிறது. காலிப்பர்களை ஒரே சாக்கின் மேல் வைத்துக் கழுவினேன், அடையாளம் வைக்கவில்லை. இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிவிட்டேன். போல்ட் எல்லாம் சரியாகப் பொருந்தியதால் சந்தேகமே எழவில்லை.

மறுமொழி (காட்பாடி, பட்டறை)

அதுதான் காரணம். காற்று காலிப்பரின் மேல்பகுதியில் தங்கும். நிப்பிள் அடியில் இருந்தால் நீங்கள் எத்தனை பாட்டில் ஊற்றினாலும் சுத்தமான ஆயில்தான் வெளியே வரும், குமிழி வராது. குமிழி வராததை வைத்துக் காற்று இல்லை என்று நீங்கள் நம்பியதில் தவறில்லை. காலிப்பர்களைப் பக்கம் மாற்றி, ஹோஸ் போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர்களைப் போடுங்கள். பழைய வாஷர் ஏற்கெனவே நசுங்கியது, அதை நம்ப வேண்டாம். மாட்டிய பிறகு ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமலும், ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பும்போது டயரில் உரசாமலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பின்பக்கத்துக்கு, முதலில் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்துங்கள். கேபிள் இழுத்துக்கொண்டிருந்தால் ஷூ அதன் இடத்தில் உட்காராது, அட்ஜஸ்ட்மென்ட் பொய்யாகிவிடும். சக்கரம் உரசும்வரை, ஷூ இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைத் திருப்பி, பிறகு தடையின்றிச் சுற்றும் அளவுக்குப் பின்வாங்குங்கள். கேபிளைக் கடைசியில் இறுக்குங்கள்.

சேஸிஸைத் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டு ஏர் எடுத்தீர்களா? சுமைக்கு ஏற்பப் பின்பக்க பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும், பின் ஆக்சிலோடு இணைத்த லோடு வால்வு உங்கள் வண்டியில் இருந்தால், அந்த நிலையில் வண்டி காலியென்று எண்ணி அது பின்பக்க ஆயிலைக் குறைத்துவிடும். ஸ்டாண்டை ஆக்சிலுக்கு அடியில் கொடுத்துத்தான் ஏர் எடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள்.

மறுமொழி (திருப்பத்தூர், ஓட்டுநர்)

ஒன்று கேட்கிறேன், எந்த ஆயிலை ஊற்றினீர்கள்? வீட்டில் திறந்து வைத்திருந்த பாட்டிலா? பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் சுமையோடு இறங்கியபோது, என் காலுக்குக் கீழே பெடல் திடீரென்று மெத்தென்று ஆன அனுபவம் எனக்கு உண்டு. ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது. இரண்டாவது கியரில் எஞ்சின் பிடித்துக்கொண்டதால்தான் வண்டி நின்றது. அதற்குப் பிறகு திறந்த பாட்டிலை நான் எடுத்து வைப்பதே இல்லை.

கேள்வி கேட்டவர் (அணைக்கட்டு)

நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. ஒரு பாட்டில் போன வருடம் திறந்ததுதான். அதைக் கொட்டிவிட்டு, வண்டியின் ஆயில் டப்பா மூடியில் எழுதியிருக்கும் டாட் 4 ஆயிலையே புதிதாக வாங்கி, பழையது முழுவதும் வெளியேறும்வரை ஓடவிட்டேன். காலிப்பர்களை மாற்றி நிப்பிள் மேலே வந்ததும், முதல் திறப்பிலேயே வலது பக்கம் பெரிய குமிழிகள் சீறிக்கொண்டு வந்தன; இடது பக்கமும் அப்படியே. பின் அட்ஜஸ்டர்களை நிறையப் பற்கள் திருப்ப வேண்டியிருந்தது. இப்போது முதல் மிதியிலேயே பெடல் உயரத்தில் நின்று கெட்டியாக இருக்கிறது.

அறுவடை முடிந்த நிலத்தில் நடை வேகத்தில் பத்துப் பதினைந்து முறை நிறுத்திப் பார்த்தேன். வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. பழைய மாஸ்டர் சிலிண்டரையே வைத்துக்கொண்டேன். உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

மறுமொழி (காட்பாடி, பட்டறை)

மகிழ்ச்சி, தம்பி. இன்று இரவு வண்டியை நிறுத்தும் இடத்தில் நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் அட்டை விரித்து வையுங்கள். காலையில் ஈரம் தெரிந்தால் வண்டியை எடுக்க வேண்டாம். முதல் நாள் பாதிச் சுமையோடு போங்கள். புது லைனிங் டிரம்மில் படிந்து தேய்ந்த பிறகு பெடல் மறுபடி சற்றுத் தாழும். ஒரு வாரம் கழித்து அட்ஜஸ்டரை இன்னொரு முறை பாருங்கள். காலிப்பரின் மேல் ஆயில் சிந்தியிருந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள், பெயின்ட்டை அரித்துவிடும்.